என் மக்கள் நால்வர்

தஞ்சோங் பகார் கிடங்கில் எங்கள் காலைப்பொழுது ஒரே வினாவோடுதான் தொடங்கும். மேலாளரான ஆங்கிலேயர் படியேறி வந்து, தொப்பியைக் கழற்றுமுன்னரே "ஆல் மை மென் ஹியர்?" என்று கேட்பார். என் ஆட்கள் அனைவரும் வந்துவிட்டார்களா என்பது பொருள். கிடங்கு எழுத்தனாகிய நான் வருகைப் பட்டியலைப் பார்த்து விடை சொல்வேன். ஆட்கள் நாற்பதின்மர். அவர்களுள் பாதிப்பேரின் பெயர்கூட அவர் நாவில் வராது. ஆயினும் அனைவரும் அவருடையவர்கள். ஒருநாள் அவர் தம் மேசைமேல் இருந்த ஒளிப்படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கடற்கரையில் ஆறு சிறார் வரிசையாக நின்றிருந்தனர். உங்கள் பிள்ளைகளா என்று கேட்டேன். அவர் வியப்புடன் தலையசைத்து, இவர்களில் இருவரே என்னுடையவர்கள், எஞ்சியோர் என் அண்ணனுடையவர்கள் என்றார். பெயரறியாத நாற்பது பேரைத் தம்மவர் என்று சொல்லத் தயங்காத ஒருவர், உடன்பிறந்தான் மக்களை அவ்வாறு சொல்லத் தயங்கியது எனக்கு அன்று விளங்கவில்லை.

அக்காலத்தில் சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் நடந்த ஆங்கில வகுப்புக்கு வாரம் மூன்று மாலை சென்றுவந்தேன். தமிழ் இலக்கணத்தில் ஊறிய எனக்கு அம்மொழியில் ஒரு வழக்கம் ஆழப் பதிந்தது. 'ஆல்' என்னும் சொல் 'மை சில்ட்ரன்' என்பதன் முன் இடைவெளியின்றி வந்து நிற்கும்; இருவரும் எனப் பொருள்படும் 'போத்' என்பதும் அவ்வாறே. ஆனால் சிலரை, பலரை, மூவரைத் தனியே பிரித்துச் சொல்ல வேண்டுமானால் இடையில் 'ஆஃப்' என்றொரு சிறு சொல் வந்துவிடும். அனைவரையும் தழுவும்போது வேலி இல்லை; பங்கு பிரிக்கும்போது வேலி உண்டு. நல்ல ஏற்பாடு என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அந்த வேலி என் வீட்டுக்குள் வரும் என்று அன்று எண்ணவில்லை.

என் தமையனார் பட்டுக்கோட்டையில் பள்ளியாசிரியராக இருந்தவர். அவர் துணைவி மகப்பேற்றிலேயே மறைந்தார். மகள் பூங்கோதைக்கு நான்கு வயதானபோது தமையனாரும் காய்ச்சலில் காலமானார். பதினாறாம் நாள் கடன்கள் முடிந்ததும், கூடியிருந்த உறவினர் முன்னிலையில் குழந்தையின் கையை எடுத்து என் துணைவி அஞ்சலையின் கையில் வைத்தார்கள். எழுத்து இல்லை, கையொப்பம் இல்லை, ஊரே சான்று. அதன்பின் எங்களுக்கு மூவர் பிறந்தனர். பூங்கோதை என்னைச் சித்தப்பா என்றே அழைத்தாள். சித்தப்பா என்பதும் அப்பாதானே. எங்களுள் யாரும் அதை விளக்கிச் சொன்னதில்லை, விளக்கம் கேட்டதுமில்லை.

நான் சிங்கைக்கு வந்து, ஐந்து பேர் தங்கிய ஓர் அறையில் தனியனாய்க் காலம் கழித்துக்கொண்டிருந்தேன். ஆண்டுதோறும் குடிநுழைவு விதிகள் இறுகிவந்தன. இப்போது குடும்பத்தை அழைக்காவிட்டால் இனி எப்போதும் அழைக்க இயலாது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் விண்ணப்பத்தாளை வாங்கிவந்து, பிள்ளைகள் என்ற கட்டத்தில் நான்கு பெயர்களை எழுதினேன். நான்கின் முன்னும் என் பெயரின் முதலெழுத்தையே இட்டேன். பிழை செய்வதாக என் மனம் சிறிதும் உறுத்தவில்லை. பூங்கோதையின் பிறப்புச் சான்றில் தமையனார் பெயர் இருக்கும் என்பதுகூட என் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் குடிநுழைவு அலுவலகத்துக்கு அழைத்தார்கள். எதிரில் ஓர் இளம் அதிகாரி. அருகில் மொழிபெயர்ப்பாளராக நாகூர்ப் பக்கத்து முகமதியர் ஒருவர். அண்ணன் என்ற பொருளில் சுல்தான் நானா என்று எல்லாரும் அழைப்பர். அதிகாரி சான்றையும் விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நீண்டதொரு கேள்வி கேட்டார். நானா என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்க நாலு பிள்ளையில எத்தனை பிள்ளை உங்க பிள்ளைன்னு கேக்குறாரு."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்து, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நால்வரும் என்றேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். பொய்யான உறுதிமொழி தந்ததாக நான் எழுதினால் நால்வருக்கும் கதவு அடைபடும். மூவர் என்று திருத்தி எழுதிக் கொடுத்தால் மனைவிக்கும் மூவருக்கும் இசைவு கிடைக்கும். எண்ணிப் பார்க்க ஒரு மாதம் தருகிறேன் என்றார். கடிந்து பேசவில்லை. எனக்கு நன்மை செய்வதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும்.

தாழ்வாரத்தில் நானா என் தோளைத் தொட்டார். "மூணுன்னு எழுதிக் குடுத்துடுங்க ஐயா. அந்தப் புள்ளய அப்புறம் பாத்துக்கலாம் லா. எங்க பக்கமும் அண்ணன் புள்ள, தம்பி புள்ளன்னு பிரிக்கிறதில்ல. தாளுக்கு அது தெரியாதே."

உங்களுக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்குத்தான் தமக்குச் சம்பளம் என்றார். அதைச் சொல்கையில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதிகாரி சொன்னதை ஊருக்கு எழுதினேன். அஞ்சலை நான்கே வரியில் மறுமொழி எழுதியிருந்தாள். "மூணு பேர் வரலாம்னு எழுதியிருக்கீங்க. எந்த மூணு பேருன்னு நீங்களே பூங்கோதைக்கு எழுதிடுங்க. எனக்கு வாய் வரல." அஞ்சல்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூங்கோதை என்று பெயரை எழுதினேன். அடுத்த சொல் வரவில்லை. அப்போதே முடிவு செய்தேன்: நால்வர், அல்லது ஒருவருமில்லை.

கிடங்கில் செய்தி பரவிவிட்டது. மண்டோர் காத்தமுத்து, நாற்பது பேருக்கும் கங்காணியாக நின்றவன், என்னை விடவில்லை. "ஏன் வாத்தியாரே, மூணு பேரு வந்தா கப்பல் நிமிந்து வரும், நாலு பேரு வந்தா சாஞ்சிடுமாக்கும்?" என்றான். கேலிதான்; ஆயினும் வழியைக் காட்டியவனும் அவனே. முந்திய ஆண்டு பாரந்தூக்கியின் கம்பி அறுந்து அவன் கால் முறிந்தபோது, மருத்துவமனை வாயிலில் நெடுநேரம் காக்க வைத்தார்கள். மேலாளர் வண்டியில் வந்து இறங்கி, "ஹி இஸ் ஒன் ஆஃப் மை மென்", இவன் என் ஆட்களுள் ஒருவன், என்று ஒரு முறை சொன்னார். உடனே உள்ளே எடுத்துச் சென்றார்கள். அதை அவன் நினைவூட்டினான்.

மறுநாள் மேலாளரின் முன் நின்றேன். எனக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றேன். அவரும் மூவர் என்றே எழுதச் சொன்னார். ஊரில் அந்தப் பெண்ணுக்கு உணவுக்குக் குறையாதபடி ஏதேனும் ஏற்பாடு செய்யலாம் என்று ஆறுதல் கூறினார். அவள் பசிக்கு அஞ்சி நான் அழைப்பதாக அவர் எண்ணிக்கொண்டார். இல்லை என்று விளக்க என் ஆங்கிலம் போதவில்லை. இறுதியில் இரவு முழுதும் அடுக்கி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: காத்தமுத்து உங்கள் மகன் அல்லன், ஆயினும் 'என் ஆள்' என்று நீங்கள் சொன்னதும் கதவு திறந்தது, பூங்கோதையை நான் 'என் பிள்ளை' என்றால் மட்டும் ஏன் திறக்கக் கூடாது? அவர் சற்று நேரம் மேசைமேல் இருந்த ஒளிப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டச்சுப் பொறியைத் தம் பக்கம் இழுத்தார்.

கடிதத்தில், இவர் பிள்ளைகள் மூவர், மறைந்த தமையனின் பிள்ளை ஒருத்தி, நால்வரையும் இவர் தம் மக்களாகவே வளர்த்துவருகிறார், நால்வரின் நடத்தைக்கும் நான் பொறுப்பு என்று எழுதியிருந்தது. மூவர் ஒருத்தி என்ற பிரிவினையைப் படித்தபோது நெஞ்சு சுருங்கிற்று. ஆயினும் அவ்வுண்மையை எழுதாமல் விட்டதே என் பிழை என்றும் உணர்ந்தேன். விண்ணப்பத்தையும் அவ்வாறே திருத்திக் கையொப்பமிட்டேன்.

இசைவு வந்தது. அஞ்சலைக்கும் மூவருக்கும் நிலையானது ஒரு தாளில். பூங்கோதைக்கு வேறொரு தாளில், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. அவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய நாளில் தாள்வாரியாக இரண்டு வரிசையில் நிறுத்தினார்கள். என் கடைக்குட்டி பூங்கோதையின் பாவாடை நுனியைப் பிடித்த பிடியை விடவில்லை. இரண்டு வரிசைக்கும் நடுவே கை நீட்டியபடியே நகர்ந்து வந்தாள்.

இப்போது குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு. எங்களைப் போல வந்தவர்கள் பலர் அங்கே உள்ளனர். பூங்கோதை ஆங்கிலப் பள்ளியில் பயின்று தட்டச்சராக வேலை பார்க்கிறாள். ஆண்டுதோறும் அவள் தாளைப் புதுப்பிக்க இருவரும் பேருந்தேறி அந்த அலுவலகத்துக்குப் போகிறோம். சென்ற ஆண்டு புதிய அதிகாரி ஒருவர், தாளில் சிற்றப்பன் என்றிருப்பதைப் பார்த்துவிட்டு, இவர் உனக்கு யார் என்று அவளிடமே கேட்டார். இப்போது எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

"ஹி இஸ் ஒன் ஆஃப் மை ஃபாதர்ஸ்" என்றாள்.

தந்தையர் பலர் இருக்க இயலுமா, அம்மா என்று அவர் பரிவோடு திருத்தினார். பெண்ணுக்கு ஆங்கிலம் போதவில்லை என்று எண்ணியிருப்பார். அவள் குரலை உயர்த்தாமல், சொல்லை மாற்றாமல், அதையே மீண்டும் சொன்னாள். அவர் புன்னகையுடன் 'அங்கிள்' என்று எழுதி முத்திரையிட்டார். வெளியே வந்ததும், "சித்தப்பா, பஸ் வந்திருச்சு, வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இரண்டு இசைவுத் தாள்களையும் தகரப்பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே நூலால் கட்டி வைத்திருக்கிறேன். நாளை மீண்டும் போக வேண்டும். காலையில் முடிச்சை அவிழ்த்து அவளுடைய தாளை மட்டும் எடுத்துச் செல்வேன். மாலையில் திரும்பி வந்து சேர்த்துக் கட்டுவேன். அவிழ்த்தும் கட்டியும் அந்த நூல் நைந்துவிட்டது. புதுநூல் வாங்கி வைத்திருக்கிறேன்.