தர்யாவின் பழுப்பேறிய பட்டைகள்

தம்பி வீட்டுத் தண்ணீரைப் பற்றித் தர்யா பேச ஆரம்பித்தால் வாய் மூடமாட்டாள். தம்பேரே நகரத்து ஆய்வுக்கூடத்தில், பிர்ச் மரக்கூழிலிருந்து தண்ணீரைச் சோதிக்கும் காகிதப் பட்டை செய்வது அவள் வேலை. தண்ணீரில் துளியூண்டு ஆர்சனிக் நஞ்சு இருந்தாலும் பட்டை பழுப்பாக வேண்டும். நல்ல தண்ணீரில் வெள்ளையாகவே இருக்க வேண்டும். நல்ல தண்ணீருக்கு அவள் எங்கே போவாள்? தம்பி இல்மரியின் வீட்டுக்குத்தான். அங்கே இருப்பது காட்டுப் பாறையைத் துளைத்துப் போட்ட போர் கிணறு. வாராவாரம் ஒரு கேன் பிடித்து வருவாள். ஆய்வுக்கூடத்தில் காபியும் அதில்தான். அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

குளிர்காலம் முழுக்கப் பட்டைகள் அந்தத் தண்ணீரில் லேசாகப் பழுப்பேறின. தர்யா பட்டைகளைத் திட்டினாள். கூழை மாற்றினாள். கட்டுக்கட்டாகக் குப்பையில் போட்டாள். கடைசியில் வெறுத்துப்போய், நகரக் குழாய்த் தண்ணீரில் ஒன்றை முக்கினாள். வெள்ளையாகவே இருந்தது. கேன் தண்ணீரைப் பெரிய கருவியில் கொடுத்துப் பார்த்தாள். பட்டைகள் பொய் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குக் காரை விரட்டினாள். இல்மரி காபி ஊற்றி வைத்தான். அவன் மகள் ஹில்லா தரையில் உட்கார்ந்து பொம்மைக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது பால்பொடி கரைத்ததும் இந்தத் தண்ணீரில்தான். கடைத் தண்ணீர் எதற்கு என்று அப்போது சொன்னவள் தர்யாதான். அவள் கோப்பையைத் தொடவில்லை.

"என்னக்கா, காபி ஆறுது. டவுன்காரிக்கு எங்க காபி இறங்கலையா? கேன் எங்க?"

"கொண்டு வரல. இனிமே வேணாம்டா."

"ஏன், பாறைத் தண்ணி ஊசிப்போச்சா?"

"உன் போர்ல ஆர்சனிக் இருக்கு. பாறையிலேருந்தே கசியுது."

இல்மரி சிரித்தான். "உன் காகிதம்தான் கெட்டுப்போச்சுன்னு குளிர்காலம் பூரா நீயே புலம்பினியே."

"கெட்டது காகிதம் இல்லடா. நான்தான் நம்பல."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கோப்பைகளையும் எடுத்துத் தொட்டியில் கொட்டினான். திரும்பினால், ஹில்லா பொம்மை குடித்த மிச்சத்தைத் தன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பாய்ந்து பிடுங்கினான். குழந்தை வீறிட்டது.

"அப்பா, தண்ணி வேணும்."

இல்மரியின் கை பழக்கத்தில் குழாய்க்குப் போய், பாதியில் நின்றது.

"சொல்லுக்கா. இப்ப இவளுக்கு எதைக் குடுப்பேன்?"

இத்தனை தூரம் அவசரமாகக் காரோட்டி வந்த தர்யாவுக்கு, ஒரு கேன் நகரத் தண்ணீர் பிடித்து வரத் தோன்றவில்லை.