ஒரு வேண்டுதல், அஞ்சு பால்குடம்

இன்னிக்கு லஞ்ச் நேரத்துல, பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸ்ல உக்காந்துகிட்டு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க எங்க கோயில் வெப்சைட்ல பேர் பதிஞ்சேன்.

பட்டனை அமுக்கினேன். ரசீது வரல. திரும்பத் திரும்ப, மொத்தம் நாலு தடவை அமுக்கினேன். ஒன்னும் காணோம்.

பார்த்தா, ரசீது தனி விண்டோவுல வருமாம். பிரவுசர் என்னை ஒரு வார்த்தை கேக்காம அதைத் தடுத்து வெச்சிருக்கு!

சரி, செட்டிங்ஸ்ல போய் திறந்து விடலாம்னு பார்த்தா, ஒரு பக்கத்துக்குள்ள இன்னொரு பக்கம், அதுக்கும் அடியில ஒளிஞ்சிருக்கு இன்னொன்னு. பத்துமலைக் கோயிலோட இருநூத்தி எழுபத்திரண்டு படியே தேவலாம் லா! ஏறினா எங்க போய்ச் சேருவோம்னாவது தெரியும்.

அரை மணி நேரம் தேடி, ஒருவழியா அனுமதி குடுத்துட்டு மறுபடி அமுக்கினேன். ரசீது வந்துச்சு.

என் பேர்ல அஞ்சு பால்குடம்.

கோயில் ஆபீஸுக்கு போன் போட்டேன். "அக்கா, நாலை கேன்சல் பண்ணிடுங்க."

"அது எப்படிம்மா? சாமிகிட்ட சொன்னதைத் திரும்ப வாங்குறதுக்கு இங்க பட்டனே இல்லையே!"

நான் வேண்டிக்கிட்டதே என் கோவம் குறையணும்னுதான்.

நாலு குடம் மிச்சம் இருக்கு. என்னை மாதிரி கோவக்காரங்க யாராச்சும் வரீங்களா?