பொத்தான் பவளம்

சமையலறைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் ஓர் அலுமினிய வாளி, அதிலிருந்து எழும்பிய ஆவி, அதன்மேல் குனிந்து இருமிக்கொண்டிருந்த அத்தை. பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்த என் கண்ணில் முதலில் பட்டது இதுதான். வாளிக்குள் கிடப்பது எது என்று தெரிந்ததும் ஓடிப்போய் அவரை அப்பால் இழுத்தேன்.

அத்தை என் கணவரின் அம்மா. வாளையாருக்குச் சற்று மேற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் எங்கள் வீடு. கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில், உப்புக் கலந்த நீரில், நீல விளக்கின் கீழ் நான் மென்பவளங்கள் வளர்த்தேன். ஒரு துண்டை வெட்டிக் கல்லோடு கட்டிவைத்தால் சில வாரங்களில் அது வேர் பிடித்ததுபோல ஒட்டிக்கொண்டு தனிப் பவளமாகிவிடும். கடலையே பார்த்திராத அத்தைக்கு முதலில் அது வெட்டிவேலையாகத்தான் பட்டது. பிறகு, நான் இல்லாத நேரத்தில் வற்றிய தண்ணீரைக் கோடு வரைக்கும் அவரே ஊற்றி நிரப்பத் தொடங்கினார். ஏதாவது ஒன்று விரியாமல் சுருங்கிக் கிடந்தால் மாலையில் அவர் சொல்லும் முதல் சேதி அதுவாகத்தான் இருக்கும்.

சட்டைப் பொத்தான்களை நெருக்கி வைத்ததுபோலப் படரும் ஒரு வகையைப் பொத்தான் பவளம் என்போம். அது மற்றவற்றை மூடத் தொடங்கியதால், அன்று காலை அது ஒட்டியிருந்த கல்லை எடுத்து வாளியில் போட்டுவிட்டு, மாலையில் வந்து சுரண்டிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். அதில் கடும் விஷம் இருக்கலாம், சூடுபட்டு ஆவி மூச்சில் ஏறினால் ஆபத்து என்பது எனக்குத் தெரியும். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. விஷம் என்று சொன்னால் அன்றைக்கே தொட்டியை வெளியேற்றிவிடுவார்கள் என்று பயம். அத்தையோ எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, பால் பாத்திரத்தைக் கழுவ ஊற்றுவதுபோலக் கல்லின்மேல் கொதிநீரை ஊற்றியிருந்தார்.

அத்தையின் முகத்தையும் கைகளையும் கழுவிவிட்டு, அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்கு ஓட்டினேன். வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் அசையவில்லை. வாயெல்லாம் இரும்பை நக்கியதுபோலக் கசக்கிறது என்றார் அத்தை. அவர் உடம்பு நடுங்கியது. பிறகு பேச்சு நின்று, மூச்சு மட்டும் சீறிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற லாரியின் பின்பலகையைப் பார்த்தபடி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். எனக்கும் தொண்டை எரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு இது புதிது. போனில் படத்தைக் காட்டி, விஷத்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் தேடிப் படித்துவிட்டு, மாற்று மருந்து கிடையாது, ஆக்ஸிஜன் கொடுத்து இதயத்தைக் கவனித்துக்கொண்டிருப்பதுதான் வழி என்றார். மூன்றாம் நாள்தான் அத்தை கண் திறந்து எங்களைத் தெளிவாகப் பார்த்தார். அப்போதுதான் என் கணவர் அதைக் கேட்டார்.

"அம்மாகிட்ட இது விஷம்னு சொன்னியா, இல்லியா?"

அத்தை முகமூடியை விலக்கினார்.

"சொன்னாடா. நாந்தான் காதுல வாங்காம ஊத்திப்போட்டேன்."

என்னை அவர் பார்க்கவில்லை. வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, தொட்டியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுல எதெது ஆகாதுன்னு இப்பச் சொல்லு கண்ணு."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பின் நாலு வருஷம் இருந்தார். படியேறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கும் பழக்கம் கடைசிவரை போகவில்லை. அவர் போன பிறகு, சொன்னதைக் கேட்காத அம்மா என்று சிரித்தபடி உறவுக்காரர்களிடம் என் கணவர் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. ஒவ்வொரு முறையும் நான் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன். போன மாதம் கணவரின் தங்கை வந்திருந்தபோது அவர் மறுபடியும் அந்தக் கதையை ஆரம்பித்தார். அன்றைக்கு நான் எழவில்லை.

"நான் அத்தைகிட்டச் சொல்லவே இல்லீங்க" என்றேன்.