யாழினி சாப்பிடக்கூடிய பலகாரம்

பலகாரத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஊரெல்லாம் நம் முறுக்கைத் தேடி வரும்போது, சொந்தப் பிள்ளை தட்டைத் தள்ளி வைத்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் புரியும். காரைக்குடியில் வீட்டோடு சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. உதவிக்கு நாச்சியாபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் மல்லிகா வருவாள். என் மகள் யாழினிக்கு எட்டு வயது.

வெசமா என்ன?

ஒன்றரை வருஷமாக அவளுக்கு வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, குச்சிக் கால்கள். திருஷ்டி கழித்தோம், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தோம். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு சீலியாக் நோய் என்றார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற சத்து இவள் குடலைப் புண்ணாக்குகிறதாம். கோதுமை, மைதா, ரவை எதுவும் ஒரு துகள்கூட உள்ளே போகக் கூடாது, ஆயுசுக்கும் இப்படித்தான் என்றார்.

அன்றைக்கே பிஸ்கட், சேமியா எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து காலி செய்தேன். நம்முடையது அரிசிச் சாப்பாடுதானே, இது என்ன பெரிய விஷயம் என்று எனக்குள் ஒரு திமிர். அந்த வாரமே கடைக்கு வந்த ஒருவர் ஆசையாக யாழினி கையில் பிஸ்கட்டைத் திணித்தார். நான் பிடுங்கிக்கொண்டு காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "ஊரு உலகமே திங்கிற கோதுமை, வெசமா என்ன? இப்படிப் பயங்காட்டியே பிள்ளைய நோயாளி ஆக்கிருவீக போல."

டப்பா

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறைய வேண்டியது குறையவில்லை, கோதுமை இன்னும் உள்ளே போகிறது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் தெரியாமல் ஏதாவது சாப்பிட்டாயா என்று டாக்டர் யாழினியைக் கேட்டார். இல்லை என்றாள். நான் நம்பவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் துருவித் துருவிக் கேட்டேன். திருப்பத்தூர் தாண்டும்போது அழ ஆரம்பித்தாள். அப்போதும் நான் விடவில்லை.

மறுநாள் முறுக்குக்கு மாவு பிசையும்போது மல்லிகா நாங்கள் எப்போதும் வாங்கும் பெருங்காயத்தில் புது டப்பா ஒன்றைப் பிரித்தாள். எதைக் கையில் எடுத்தாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பழக்கம் அவளுக்கு. பொடி எழுத்தைப் படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு டப்பாவை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். சாம்பாரில், ரசத்தில், யாழினிக்கென்று தனியாகச் சுட்ட முறுக்கில் மூன்று மாதமாக நானே என் கையால் போட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மல்லிகா மெதுவாகத்தான் சொன்னாள். "பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்துருக்குன்னு போட்டுருக்குக்கா. பிள்ளை பொய் சொல்லலக்கா."

மாவு மில்

அன்று மாலை யாழினியிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நான் செய்த குழம்பு, பலகாரம் எதையும் அவள் தொடவில்லை. வெறும் சோறு, தயிர், வாழைப்பழம். பழத்தை நான் உரித்துக் கொடுத்தால்கூட வேண்டாம் என்பாள், தானே உரித்துக்கொள்வாள்.

எண்ணெய்ச் சட்டி, ஜல்லிக் கரண்டி, முறுக்கு உரல் எல்லாம் அவளுக்கென்று புதிதாக வாங்கினேன். மிச்சம் இருந்தது மில். எனக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துக்கொண்டு போனார். மிஷினைத் துடைத்துவிட்டு அரைக்க முடியுமா என்று மில்காரரிடம் கேட்டேன். துடைத்தாலும் உள்ளே மாவு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று உள்ளதைச் சொன்னார். நான் நகராமல் நிற்கவும் அலுத்துக்கொண்டார். "கோதுமை அரைச்ச மிசின்லதான் ஊரே அரிசி அரைக்குது. ஒத்தப் பிள்ளைக்காக நான் தனி மிசினு போட முடியுமா? நீங்கதான் போடணும்."

மூன்று கேள்விகள்

போட்டேன். வீட்டுக்கே ஒரு சின்ன மிஷின் வாங்கினேன். அரிசியும் உளுந்தும் அதில் அரைத்து, பெருங்காயத்தை விட்டுவிட்டு, சீரகம் மட்டும் சேர்த்துத் தேன்குழல் சுட்டு வைத்தேன். யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, வாரம் தவறாமல் அரியக்குடியிலிருந்து வருகிற ஒரு அம்மா கடையில் நின்றிருந்தார்.

மாவு எங்கே அரைத்தது, எண்ணெய் எந்தச் சட்டியில் காய்ந்தது, பெருங்காயம் உண்டா என்று யாழினி ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். மிஷினைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். விரலால் உள்ளே தடவிப் பார்த்துவிட்டு, ஒரு தேன்குழலை ஒடித்து வாயில் போட்டாள். மென்று விழுங்கினாள். பிறகு இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள். அதற்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அரியக்குடி அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பெத்த தாயையே போலீசு மாதிரி விசாரிக்குது. நீங்களும் நின்னு பதில் சொல்றீகளே."

இருபது வருஷமாக எத்தனையோ பேருக்குப் பலகாரம் விற்றிருக்கிறேன், சரக்கில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்ட முதல் ஆள் என் மகள்தான், பதில் தெரிந்த கடைக்காரியாக நான் ஆனதும் அன்றைக்குத்தான்.