நீல மீனுக்குத் துணை

மலையில் வேலை பார்த்த நர்ஸம்மா மாற்றலாகிக் கீழே போகும்போது மீன் தொட்டியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரே மீன். ஆப்பிரிக்கன் சிக்லிட் என்றார். நல்ல நீலம். விரலைக் காட்டினால் கண்ணாடியை முட்டும்.

தனியாகக் கிடக்கிறதே என்று துணை தேடினேன். எனக்கு மாடுதான் தெரியும். முரட்டு மாட்டோடு சாதுவை ஏரில் கட்டினால் முரடு அடங்கும். அந்த நினைப்பில் ஒரு தங்கமீனை வாங்கி விட்டேன். மறுநாள் அதற்கு வால் இல்லை. பிறகு செத்து மிதந்தது. இன்னொன்று விட்டேன். அதுவும் போனது. அள்ளிப் போட்டவள் என் மனைவி.

"இன்னொரு மீன் செத்துச்சுன்னா நீலத்தை மீன் கடையில குடுத்துருவேனுங்க. தொட்டியில கோழித் தவுடு கொட்டி வெச்சுக்குவேன்," என்றாள். சொன்னால் செய்வாள்.

எனக்கோ நீலத்தை விட மனசில்லை. மிளகு விற்க ராசிபுரம் போனபோது மீன் கடையில் நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார்.

"ஏனுங்க, சண்டைச் சேவக் கூண்டுல குஞ்ச உட்டா என்னாகும்? இதுக்கு இதோட ஊருக்கார முரடுதான் வேணும். ஒண்ணு உட்டா அதையே துரத்தும். நாலஞ்சு உட்டுப் பாருங்க. யாரத் துரத்தறதுன்னு அதுக்கே தெரியாது."

அளவு ஒத்திருக்க வேண்டுமாம். நீலத்துக்குத் தன் நிறத்தைக் கண்டால் ஆத்திரம் கூடும் என்று மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பிடித்துக் கொடுத்தார். விடுவதற்கு முன் தொட்டிக் கற்களை இடம் மாற்றச் சொன்னார். பழைய பொந்து இருந்தால் நீலம் அதைத் தன் இடமென்று காவல் காக்குமாம்.

பஸ்ஸில் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மலையேறும் ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் சாய்ந்தது. பக்கத்து சீட்டுக்காரர் குழம்புக்கா என்று கேட்டார். பையை இன்னும் அணைத்துப் பிடித்தேன்.

கற்களை மாற்றினேன். பையைத் தொட்டியில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு அவிழ்த்தேன்.

நீலம் பொந்தைத் தேடியது. பொந்து இல்லை. ஒரு மஞ்சளைத் துரத்தியது. குறுக்கே ஆரஞ்சு வந்தது. அதைத் துரத்தியது. பின்னால் இன்னொரு மஞ்சள் வந்து நீலத்தின் வாலை இடித்தது. நீலம் திகைத்து நின்றது. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மனைவி கத்தியோடு வந்தாள். யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று சோறு தாமதம்.

ஒரு வாரம் போயிற்று. துரத்தல் ஓயவில்லை. ஒன்றுக்கு வால் ஓரம் கிழிந்தது. எதுவும் சாகவில்லை. எல்லாம் வயிறு புடைக்கத் தின்றன.

அடுத்த மிளகு மூட்டையைக் கட்டும்போது மனைவி புதுச்சேலை கட்டி வந்து நின்றாள்.

"நானும் வாரேனுங்க. இந்தத் தடவ மீன நான்தான் பாத்து எடுப்பேன்," என்றாள்.