தனம் அக்காவுக்கு எடுத்து வச்ச பாட்டு

பிலோமினா போயிட்டா.

காலையில அவ பேத்தி போன் பண்ணிச்சு. "ஆயா, பெரியாஸ்பத்திரியிலேருந்து வூட்டுக்கு எடுத்தாந்துட்டோம், சாயந்திரம் மாதா கோயில்ல அடக்கப் பூசை." சரிம்மான்னேன். அழுவல. அவளுக்காக அழக் கூடாதுன்னு எப்பவோ முடிவு பண்ணது.

இந்த குரூப்புல இருக்கற நெறைய பேருக்கு அவளைத் தெரியாது. அதான் சொல்றேன். நான் பேசப் பேச போன் எழுதிக்குது, தப்பு இருந்தா நீங்களே திருத்திப் படிச்சிக்குங்க.

நெல்லித்தோப்புல எங்களுக்கு எதிர் வூடு. பிரெஞ்சுக்காரன் ஆட்சி, ரெண்டாவது யுத்தம் இன்னும் வரல. எங்கப்பா மில்லுல வேலை. அவங்கப்பா சைகோன்ல உத்யோகம் பாத்துட்டுக் கப்பல்ல வந்தவர். வரும்போது ஒரு கிராமபோன் பெட்டி. அதுல போடற தமிழ்ப் பாட்டு பிளேட்டெல்லாம் மெட்ராஸ்லேருந்து வரும், புதுசும் பழசுமா.

நானும் அவளும் ஒரே வயசு, சின்னப் பொண்ணுங்க. ஆனா அந்தப் பெட்டிக்கு அவதான் எசமானி.

யாருகிட்டயும் "என்ன பாட்டு வேணும்"னு கேக்க மாட்டா. நீ பாத்திரம் தேய்க்கும்போது என்ன முணுமுணுக்கறன்னு காது குடுத்துக் கேப்பா. அப்புறம் அதே ருசியில, நீ கேட்டே இருக்காத ஒண்ணை எடுத்துப் போடுவா. தப்பவே தப்பாது...

தேங்காய்த்திட்டுலேருந்து மீன் கொண்டாற ஆரோக்கியம் அத்தை. அதை வாசல்லயே மடக்கிட்டா. "அத்தை, கூடை எறக்கும்போது ஒண்ணு இழுப்பியே, அதுக்கு அக்கா தங்கச்சி மாதிரி ஒரு பாட்டு வந்திருக்கு, நில்லு."

அத்தை நின்னுச்சு. பூனை வந்து சங்கரா மீனை இழுத்துட்டுப் போவுது, நாங்க கத்தறோம். "போவட்டும் வுடுங்கடி. ஏ பிலோமி, இன்னொரு வாட்டி சாவி குடு!"

எனக்கு என்ன போட்டா தெரியுமா? ஆம்பளையும் பொம்பளையும் மாத்தி மாத்தி ஏசிக்கிற தர்க்கப் பாட்டு. "அஞ்சல, ஒனக்கு சண்டைதான்டி புடிக்கும்."

கோவம் வந்துது. பாட்டு புடிச்சுது. ரெண்டையும் மறக்கல.

இப்ப தனம் அக்கா கதை. எங்கக்கா. தெருவுலயே நல்ல குரல் அவளுக்குத்தான்.

கடலூர்லேருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. நல்ல எடம், பையனும் நல்லவன்னு கேள்வி. பையனோட அம்மாவுக்குத் தெனம் பஜனை வேணும், பொண்ணு பாடணும். அந்தம்மாவோட சொந்தக்காரங்க எங்க தெருவுலதான் இருந்தாங்க, வரப் போவ அது முணுமுணுத்ததை பிலோமி கேட்டு வச்சிருந்தா. அதனால எங்கம்மா அவளையே கூப்ட்டு யோசனை கேட்டுது. ஒரு சின்னப் பொண்ணுகிட்ட!

"மெதுவா இழுக்கற சாமிப் பாட்டுன்னா அந்தம்மா சொக்கிப் போயிடும் அத்தை. எல்லாரும் பாடறதைப் பாடினா எடுபடாது. கேக்காத ஒண்ணு என்கிட்ட இருக்கு."

ஒரு பழைய பிளேட்டை எடுத்தா. நாடகக்காரி ஒருத்தி பாடினது. அக்கா மத்தியான நேரத்துல அவங்க வூட்டுக்குப் போயி, கிராமபோன் குழாய் கிட்ட குந்திக் கத்துக்கிட்டா. பிலோமி பக்கத்துலயே நின்னு, "பிளேட்டுல எப்படி இருக்கோ அப்படியே பாடு அக்கா, எதையும் வுட்டுடாத"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

அந்தக் காலத்துப் பழைய பிளேட்டுல பாட்டு முடிஞ்சதும் பாடினவங்களே தங்களோட பேரையும் ஊரையும் சொல்லுவாங்க. அதுவும் பதிஞ்சிருக்கும்.

பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அக்கா கண்ணை மூடிக்கிட்டுப் பாடினா. அந்தம்மா நெசமாவே சொக்கித்தான் போச்சு. தலையாட்டிச்சு, கண்ணு கலங்கிச்சு...

பாட்டு முடிஞ்சுது. அக்கா அதே மூச்சுல அந்த நாடகக்காரி பேரையும் ஊரையும் சொல்லிட்டா.

அந்தப் பேரை எங்க வூட்டுல யாரும் சொல்றதில்ல. நானும் இங்க சொல்லல.

அந்தம்மா காப்பித் தம்ளரைக் கீழ வச்சிடுச்சு. "இன்னா இது? கூத்தாடி வூட்டுலயா பொண்ணு பாட்டு கத்துக்கிச்சு?" அக்கா இன்னும் கண்ணைத் தொறக்கல.

அப்பதான் ஜன்னல்கிட்ட சிரிப்புச் சத்தம். பிலோமி.

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு.

அவங்க எழுந்து போயிட்டாங்க. அப்புறம் காரைக்கால்ல ரெண்டாந்தாரமாக் குடுத்தாங்க அக்காவை. பாட்டுன்னாலே ஆவாத வூடு. வாய்க்குள்ள முணுமுணுத்தாக் கூட, "இன்னா சத்தம்?"னு கேக்கற மாமியார்.

மொதப் பேறுகாலத்துக்கு அக்கா வந்தப்ப பிலோமி ஒரு பிளேட்டை மாருல அணைச்சிக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. "அக்காவுக்குன்னு எடுத்து வச்சேன் அத்தை, இது நிச்சயம் புடிக்கும்." எங்கம்மா கதவைச் சாத்திடுச்சு. உள்ள அக்கா சாத்தின கதவையே பாத்துக்கிட்டு இருந்தா.

ரெண்டாவது பேறுகாலத்துல அக்கா காரைக்கால்லயே செத்துப் போயிட்டா.

பிலோமியும் நானும் அப்புறம் ஒரே ஊருல கெழவி ஆனோம். அவளாப் பேசினா பதில் சொல்லுவேன். நானாப் பேச்செடுக்க மாட்டேன். "நான் பயத்துல சிரிச்சேன்டி அஞ்சல"ன்னு எத்தனையோ வாட்டி சொன்னா. சொல்லட்டும்.

போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனேன். கட்டில்ல காஞ்ச சருகு மாதிரி கெடந்தா. பேத்தி போன்ல ஏதோ பாட்டு ஓடிக்கிட்டு இருந்துது. என் கையைப் புடிச்சுக்கிட்டு, "தனம் அக்காவுக்கு எடுத்து வச்சேனே, அந்தப் பாட்டு... சரியான பாட்டுடி அது"ன்னா.

எந்தப் பாட்டுன்னு நான் கேக்கல. அவளே சொல்லட்டும்னு இருந்தேன். நர்ஸ் வந்து வெளிய போவச் சொல்லிடுச்சு.

அந்த பிளேட்டு இப்ப இல்ல. அதைக் கேட்டு வச்சிருந்தவளும் இல்ல.

அக்காவுக்கு எது புடிச்சிருக்கும்னு காலையிலேருந்து யோசிக்கறேன். எனக்குத் தெரியல. பிலோமிக்குத்தான் தெரியும்.

சாயந்திரம் கோயிலுக்கு வர்றேன். உள்ள வர மாட்டேன், வாசல்ல நிப்பேன்.

பாட்டு முடிஞ்சுது பிலோமி. பேரைச் சொல்லிட்டுப் போடி.