ரோஸ்டர் பார்த்து வைத்த தீபாவளி

என் வீட்டுக்காரர் விமானம் ஓட்டுவதை அறுபது வயதிலேயே நிறுத்திக்கொண்டார். அறுபத்தைந்து வரை ஓட்டலாம். உடம்பில் ஒரு குறையும் இல்லை, கம்பெனியும் போகச் சொல்லவில்லை. தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இதை மற்றவர்களை நம்பவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் நான் வழக்கமாகப் பூ வாங்கும் பெண், மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே, அண்ணனுக்குக் கண்ணு கிண்ணு சரியில்லையா என்று மெதுவாக விசாரித்தாள். கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். சர்க்கரை வியாதி என்றது ஒரு கட்சி, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றது இன்னொரு கட்சி. சொந்தக்காரர் ஒருவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, கேப்டன் வேலையை யாராவது சும்மா விடுவார்களா என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்குக் கொடுத்த காப்பியில் சீனியே போடவில்லை.

உண்மைக் காரணத்தைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். கடிதம் கொடுத்த அன்று அடுப்படியில் வந்து நின்று இவர் சொன்னது இதுதான்: "ஒரு தீபாவளியாச்சும் தீபாவளி அன்னிக்கே வீட்டுல இருக்கணும்மா, புள்ளைங்களோட."

எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் சொன்ன நாளில் தீபாவளி வந்ததே அபூர்வம். மாதக் கடைசியில் ரோஸ்டர் வரும். அடுத்த மாதம் யார் எந்த நாளில் எந்த ஊருக்குப் பறக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் நான் முறுக்குக்கு மாவு அரைப்பேன். ஊரெல்லாம் பலகாரம் தீர்ந்து டப்பாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும். ஒரு வருஷம் ஒரு வாரம் முன்னாலேயே கொண்டாடிவிட்டோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பலகாரத் தட்டை வாங்கிக்கொண்டு, தன் வீட்டுக் காலண்டர்தான் தப்போ என்று குழம்பிப்போய் நின்றார்.

பிள்ளைகள் இரண்டும் இதில் கெட்டி. பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்தால், அப்பா வருகிற நாள்தான் எங்களுக்குத் தீபாவளி என்று பதில் சொல்லிவிட்டு வருவார்கள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். பிஞ்சுகள் ஏங்கிப்போகக் கூடாதே என்று, தேதியில் என்ன இருக்கிறது, நாலு பேரும் சேர்ந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள்தான் நாள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன்.

லீவு கேட்டிருந்தால் சில வருஷங்களாவது கிடைத்திருக்கும். அது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனால் மனுஷருக்குப் பறப்பதில் அப்படி ஒரு பைத்தியம். பெரிய விமானம், தூர தேசம் என்றால் முகமே மலர்ந்துவிடும். நான் முறைத்தால், அடுத்த வருஷம் கண்டிப்பாக இருப்பேன் என்பார். அந்த அடுத்த வருஷம் வருவதற்குள் மகன் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான், மகள் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டராகிவிட்டாள்.

வேலையை விட்ட வருஷம் தீபாவளிக்கு இவர் பண்ணிய அமர்க்களம் கொஞ்சநஞ்சமல்ல. தானே பாசாருக்குப் போய் ஆட்டிறைச்சிக்குச் சொல்லிவைத்தார். வாசலில் ஏணி போட்டு வண்ண விளக்குக் கட்டினார். மகனுக்கு ஒரு ஜிப்பா வாங்கி வந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அளவு சின்னது. அவன் தோள் எவ்வளவு அகலம் என்று இவருக்கு எங்கே தெரியும். பிள்ளைகளிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வரச் சொல்லி, பெற்ற பிள்ளைகளுக்கே அழைப்பு வைக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார். நியாயம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் இருக்கும்போது மகளுக்குப் போன் போட்டு, எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டார். அவள் தன் லீவை இன்னொரு டாக்டருக்கு விட்டுக்கொடுத்திருந்தாள்.

"பாவம்ப்பா, அவங்களுக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கு. நமக்கு என்னப்பா, அடுத்த வாரம் வச்சிக்கலாம் லா."

மகனைக் கூப்பிட்டால் அங்கேயும் அதே கதை. கூட வேலை செய்கிறவனுக்குத் தலை தீபாவளியாம், அவன் ஷிப்டையும் சேர்த்து இவனே அன்று முழுக்கப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டான். இருவரும் பேசிவைத்துச் செய்யவில்லை. நல்ல மனசோடு செய்த காரியம், திட்டக்கூட வழியில்லை. எதற்காக வேலையை விட்டார் என்பதை நான் சொல்லட்டுமா என்று இவரிடம் சைகை காட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, வேலைதான் முக்கியம் என்று போனில் சொன்னார்.

தீபாவளி அன்று நாங்கள் இரண்டு பேரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். அக்கம்பக்கத்தார் வந்தார்கள், சாப்பிட்டார்கள். இவர் எல்லாருக்கும் ஓடி ஓடிப் பரிமாறினார். சாயங்காலம் வீட்டுக்கு மேலே ஒரு விமானம் போனது. பலகாரத் தட்டோடு வாசலுக்குப் போய், அது மறையும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். எதை விட்டுவிட்டு எதற்காக வந்தார் இந்த மனுஷர்.

அடுத்த வாரம் பிள்ளைகள் வந்தார்கள். வீடு ரெண்டுபட்டது. மகன் அந்த ஜிப்பாவைச் சிரமப்பட்டு மாட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் போட்டோவுக்கு நின்றான். மகள் எண்ணெய்த் தலையோடு அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு, "ஆஸ்பத்திரியில அன்னிக்கு ஒண்ணுமே தெரியலப்பா. இன்னிக்குத்தான் தீபாவளி மாதிரியே இருக்கு" என்றாள். மனசாரச் சொன்னாள். இவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு, இவர் ஏணியை எடுத்து வந்து விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் முன்கூட்டியே சொல்லிவிடலாம், வந்துவிடுவார்கள் என்றேன், ஏணியைப் பிடித்தபடி.

"அஞ்சு வருஷம் முன்னாலயே விட்டுட்டேன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல?"

"சொல்லிட்டுப் போறாங்க, விடுங்க."

"இல்லம்மா," என்றார், கீழே என்னைப் பார்க்காமல். "இருபது வருஷம் லேட்டா விட்டிருக்கேன்."

அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அதைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார். நான் கையை நீட்டி, அவர் கழற்றிய விளக்குச் சரத்தை வாங்கிக்கொண்டேன்.